சிறிய பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானப் பட்டம்: எதற்கு நல்லது, எதற்குப் போதாது

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படித்து, இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய புள்ளி) மருத்துவத்துக்குச் சற்று எட்டாமல் போன பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும் விதம் ஏறக்குறைய ஒரேமாதிரிதான். பல் மருத்துவம், மிருக வைத்தியம், விவசாயம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். உயிரியல் விஞ்ஞானம் வரும்போது கொழும்பையும் பேராதனையையும் மேலே போடுவார்கள். வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடமும் அடியில் தள்ளப்படும். எந்தப் பாடத்தில் எவ்வளவு ஆர்வம், எந்த வேலையில் கை ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மதிப்பீடு அந்த வரிசையை யோசித்து எழுத நினைப்பவர்களுக்காக. குறைகள் என்று கீழே வருபவை சிறிய பீடங்களின் பொதுவான இயல்பு பற்றியவை. எந்த ஒரு நிறுவனத்தையும் குறிவைத்தவை அல்ல.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உயிருள்ளதைக் கையில் எடுத்து வெட்டி, சாயமிட்டு, எண்ணி, இனங்கண்டு பழக விரும்புகிறவருக்குச் சிறிய பல்கலைக்கழகம் நல்ல தெரிவு, சில விடயங்களில் பெரியதைவிடவும் நல்லது. மூலக்கூற்று உயிரியலிலும் மரபணு வேலையிலும்தான் மனம் என்றால், அங்கே நான்கு வருடத்தில் கிடைப்பது அடித்தளம் மட்டுமே. மீதியை வெளியே தேடித்தான் எடுக்கவேண்டும்.

பட்டத்தின் கணக்கிலிருந்து தொடங்குவோம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி மூன்று வருட விஞ்ஞானமானிக்குக் குறைந்தது 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடவேண்டிய 50 மணித்தியாலம். அதில் விரிவுரையாக நடப்பது 15 மணி. செய்முறை என்றால் 30 மணி அல்லது அதற்கு மேல். மிச்சம் நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டிய நேரம். 15 கிரெடிட் உள்ள ஒரு செமஸ்டர் 750 மணித்தியால வேலை. 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 50 மணி. முதல் வருடத்தில் பலர் சறுக்குவதற்குக் காரணம் இந்தக் கணக்கு மனதில் இல்லாததுதான். ரியூஷனில் ஒருவர் எல்லாவற்றையும் மென்று ஊட்டிய பழக்கத்தோடு வருகிறார்கள். இங்கே விரிவுரையில் வருவது மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

முதலாம் வருடம் வழக்கமாகத் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் மூன்றும் சேர்ந்தது. காலையில் விரிவுரை, பிற்பகலில் மூன்று மணி நேரச் செய்முறை. உயிரியல் பிடிக்கும் என்று வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இரசாயனவியல், அதிலும் பௌதிக இரசாயனம். அடுத்தது புள்ளிவிபரவியல். இந்த இரண்டில் விட்ட புள்ளியை விலங்கியலில் எடுக்கும் ஏ ஈடுசெய்யாது. ஏ தரத்துக்கு 4.0, சி தரத்துக்கு 2.0. முதல் வகுப்புக்குச் சராசரி 3.70 வேண்டும். பெரும்பாலான பீடங்களில் ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி தரத்துக்கு மேல் தருவதில்லை. அந்தப் பாடம் அடுத்த வருடம் மறுபடி நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். சிறிய பீடத்தில் ஒரு பாடத்தை வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்த ஆட்கள் இருப்பார்கள். ஆகவே முதல் செமஸ்டரில் விட்ட ஒரு இரசாயனவியல் தாள் மூன்றாம் வருடம்வரை பின்னால் வரும்.

செய்முறை: இங்கேதான் பட்டத்தின் மதிப்பு இருக்கிறது

சிறிய பட்சின், அதாவது ஒரு வருடத்தில் சேரும் சிறிய மாணவர் தொகுதியின், பெரிய வரம் கைநேரம். நூற்றைம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு நுணுக்குக்காட்டியை மூன்று பேர் பகிர்ந்து, மற்றவர் குவியப்படுத்தியதை எட்டிப்பார்த்து வரைவதும் உண்டு. அறுபது பேர் இருக்கும் இடத்தில் தனக்கென்று ஒன்று கிடைக்க வாய்ப்பு அதிகம். பழுதான ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்ய நேரமும் இருக்கும். உயிரியலில் திறமை என்பது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது ஸ்லைடில்தான் வருகிறது.

வெங்காய வேர்நுனியில் இழையுருப்பிரிவு (ஒரு கலம் இரண்டாகப் பிரிவது) பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். புதிதாக முளைத்த வேர்களைக் காலையில் வெட்டி, எதனோல் மூன்று பங்கும் தூய அசற்றிக் அமிலம் ஒரு பங்கும் கலந்த கரைசலில் ஒரு நாள் வைத்து நிலைப்படுத்தவேண்டும். பிறகு 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 60 பாகை செல்சியசில் ஐந்து முதல் பத்து நிமிடம். கழுவி, அசற்றோகார்மைனிலோ அசற்றோ ஓசீனிலோ சாயமிட்டு, நுனியின் கடைசி 1 முதல் 2 மில்லிமீற்றரை மட்டும் வெட்டியெடுத்து, கவர் ஸ்லிப் போட்டு, பென்சிலின் பின்புறத்தால் மெதுவாகத் தட்டி, பிறகு பெருவிரலால் நேராக அழுத்தவேண்டும்.

சரிவராமல் போகும்போது ஸ்லைடே காரணத்தைச் சொல்லும். கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகத் தெரிந்தால் அமிலத்தில் வைத்த நேரம் போதவில்லை, கலங்களை ஒட்டவைத்திருக்கும் பெக்ரின் கரையவில்லை. நுனி கஞ்சியாகக் குழைந்து சாயமும் மங்கினால் நேரம் கூடிவிட்டது. கலங்கள் நீண்டு, கரு சிறிதாகி, பிரியும் கலமே கண்ணில் படாவிட்டால் நீங்கள் நுனியை விட்டுவிட்டு மேலே நீள்வலயத்தை எடுத்துவிட்டீர்கள். அழுத்தும்போது கவர் ஸ்லிப் பக்கவாட்டில் அசைந்தால் கலங்கள் உருண்டு நசுங்கும். இந்த நான்கையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியத் தெரிந்தவர் இரண்டாம் வருடத்துக்குத் தயார் என்று தயங்காமல் சொல்லலாம். இதைப் புத்தகத்தில் படித்து அறிய முடியாது.

இறாலின் தூக்கங்கள், அதாவது உடலிலிருந்து நீளும் கால், உணர்கொம்பு போன்ற உறுப்புகள், இன்னொரு நல்ல பயிற்சி. பத்தொன்பது சோடி. அவற்றை வரிசையாக மட்டையில் ஒட்டிப் பெயரிடவேண்டும். தலைப்பக்கத்திலிருந்து கழற்றத் தொடங்குகிறவர்கள் வாயைச் சுற்றியுள்ள சிறிய அனுதாடைகளைக் கிழித்துவிடுவார்கள், பிறகு எது எந்தச் சோடி என்று தெரியாது. வாற்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரே பக்கத்தை மட்டும் கழற்றி, மற்றப் பக்கத்தை ஒப்பிடுவதற்காக விட்டுவைக்கவேண்டும். சிற்றிடுக்கியால் தூக்கத்தின் நடுவைப் பிடித்து இழுக்காமல், அடிமூட்டில் பிடித்து எடுத்தால் முழுதாக வரும். கிழக்கில் இந்தச் செய்முறைக்கு ஒரு தனி வசதியும் உண்டு. காலையில் களப்பில் பிடித்த இறால் பிற்பகலில் மேசையில் இருக்கும். உறைந்த இறாலில் மூட்டுகள் நொறுங்கும்.

நுண்ணங்கியலில் கிராம் சாயமிடல் (ஊதாச் சாயத்தைப் பிடித்துவைக்கும் பற்றீரியா கிராம் நேர், விட்டுவிட்டுச் சிவப்பாவது கிராம் எதிர்) எல்லோருக்கும் தெரிந்ததுபோலத் தோன்றும், அதிகமாகப் பிழைப்பதும் அதுதான். கிறிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயடீன் ஒரு நிமிடம், 95 சதவீத அற்ககோலால் பத்து முதல் இருபது விநாடி நிறம் நீக்கல், பிறகு சஃப்ரனின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். முடிவைத் தீர்மானிப்பது அந்த அற்ககோல் விநாடிகள்தான். கூடினால் கிராம் நேரும் சிவப்பாகத் தெரியும். பூச்சு தடிப்பாக இருந்தால் கிராம் எதிரும் ஊதாவாக நிற்கும். வளர்ப்பு 24 மணித்தியாலத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் கிராம் நேர்ப் பற்றீரியாவின் கலச்சுவர் தளர்ந்து, சாயத்தைப் பிடித்துவைக்காது. செய்முறை செவ்வாயில், வளர்ப்பு வெள்ளியில் போட்டது என்றால் விடை பிழையாகத்தான் வரும். அதை ரிப்போர்ட்டில் காரணத்தோடு எழுதினால் நல்ல விரிவுரையாளர் முழுப் புள்ளி தருவார். புத்தகத்தில் உள்ள விடையைப் பார்த்து எழுதுவது நீண்டகாலத் தீங்கு.

ஐதாக்கலும் அப்படியே. 1 மில்லிலீற்றரை 9 மில்லிலீற்றரில் சேர்க்கும் ஒவ்வொரு படியும் பத்திலொன்று. ஒவ்வொரு படிக்கும் புதுப் பிப்பெற் நுனி. குலுக்காமல் அடுத்ததற்குப் போனால் எண்ணிக்கை ஏறுமாறாக வரும். பிளேட்டில் 30 முதல் 300 வரை சமூகங்கள் (கண்ணுக்குத் தெரியும் பற்றீரியாப் புள்ளிகள்) உள்ளதை மட்டும் எண்ணவேண்டும். நான்காம் படியிலிருந்து 0.1 மில்லிலீற்றர் பரப்பிய பிளேட்டில் 150 வந்தால், மூல மாதிரியில் மில்லிலீற்றருக்கு ஒன்றரைக் கோடி. பரப்பிய 0.1 ஐ மறந்து பதினைந்து இலட்சம் என்று எழுதுவது பட்சுக்குப் பட்ச் நடக்கும் பிழை.

சிறிய ஆய்வுகூடத்தின் பலவீனமும் இதே அறையில்தான் தெரியும். பற்றீரியா வளர்க்கும் ஊடகமான நியூட்ரியன்ட் அகர் லீற்றருக்கு 28 கிராம் கரைத்து, 121 பாகையில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ் பண்ணவேண்டும். ஓட்டோகிளேவ் ஒன்றுதான் இருந்து, நடுவில் கரண்ட் போனால், அந்தத் தொகுதியைக் கிருமியழித்ததாகக் கொள்ள முடியாது. மறுபடி முதலிலிருந்து வைக்கவேண்டும், அன்றைய பிற்பகல் போய்விடும். நிறமாலைமானியின் விளக்கு எரிந்தால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை அது மூடிக்கிடக்கும். ஈரப்பதன் கூடிய மாதங்களில் வில்லைகளுக்குள் பூஞ்சணம் படரும். இரவில் மின்குமிழ் எரியும் அலுமாரியோ, மாற்றி மாற்றி உலர்த்தும் சிலிக்கா ஜெல்லோ இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தத் துறையின் பராமரிப்புப் பழக்கம் விளங்கிவிடும். மாணவர் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. நூறு மடங்கு வில்லையில் எண்ணெயைத் துடைக்காமல் மூடி வைத்துவிட்டுப் போகிறவர்தான் அடுத்த பட்சின் நுணுக்குக்காட்டியைக் கெடுக்கிறவர். வில்லைத் தாளால் துடைக்கவேண்டும், சட்டையால் அல்ல.

மூலக்கூற்று உயிரியல் பற்றி நேராகச் சொல்லவேண்டும். பீசீஆர் இயந்திரம் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்குவது) இருக்கிறது என்று கையேட்டில் போட்டிருப்பது போதாது. மாணவர் தன் கையால் கலவை தயாரித்து, தன் மாதிரியை அகரோஸ் ஜெல்லில் இட்டு ஓட்டுகிறாரா, அல்லது விரிவுரையாளர் செய்துகாட்ட முப்பது பேர் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்பதே கேள்வி. அந்தக் கலவைக்கு வேண்டிய நொதியமும் பிரைமரும் (பெருக்கலைத் தொடக்கும் சிறிய டிஎன்ஏ துண்டு) இறக்குமதிப் பொருள்கள். மைனஸ் 20 பாகையில் தொடர்ந்து இருக்கவேண்டியவை. நிதியும் மின்சாரமும் இரண்டும் உறுதியாக இல்லாத இடத்தில் அவை அரிதாகத்தான் வெளியே எடுக்கப்படும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிரித் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஓரிடத்தின் வசதியைச் சிறிய பீடத்திடம் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

களம்: பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இல்லாதது

பேராதனைக்குப் பக்கத்தில் தாவரவியல் பூங்காவும் தேசிய உலர்தாவரகமும் இருக்கின்றன, அது பெரிய பாக்கியம். கிழக்குக்கு வேறு பாக்கியம். மட்டக்களப்புக் களப்பு, அதன் கண்டல் ஓரங்கள், மணற் கடற்கரை, பாசிக்குடா காயான்கேணிப் பக்கத்துப் பவளப்பாறை, உள்ளே போனால் குளங்களும் வயலும் வறண்ட வலயக் காடும். மற்ற மாணவர்கள் இரண்டு நாள் பஸ் பிரயாணம் வைத்து வந்து பார்ப்பதை இங்குள்ளவர் ஒரு பிற்பகலில் பார்க்கலாம், அதே இடத்துக்கு மாதாமாதம் திரும்பிப் போகலாம். சூழலியலில் இந்தத் திரும்பிப் போதல்தான் முக்கியம். ஒருமுறை எடுத்த அளவு ஒரு படம் மட்டுமே. பருவம் தெரியாது.

கண்டலில் வேலை செய்யும் முறை இது. பெரிய மரங்களுக்கு 10 மீற்றருக்கு 10 மீற்றர் சதுரம், கன்றுகளுக்கு அதற்குள் 1 மீற்றருக்கு 1 மீற்றர். நீர் விளிம்பிலிருந்து உள்ளே செங்குத்தாக ஒரு கயிற்றுக் கோடு போட்டு, அதன்மேல் ஒழுங்கான இடைவெளியில் சதுரங்களை வைக்கவேண்டும். வசதியான வெளியில் மட்டும் வைத்தால் அடர்ந்த பகுதி கணக்கில் வராது. மரச் சுற்றளவு தரையிலிருந்து 1.3 மீற்றரில். ஆனால் தாங்கு வேருள்ள கண்டல் மரத்தில் மிக உயர்ந்த தாங்கு வேருக்கு 30 சென்ரிமீற்றர் மேலே. இந்த விதியைத் தெரியாமல் எல்லா மரத்தையும் ஒரே உயரத்தில் அளந்த ரிப்போர்ட்டுகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. அவிசேனியா என்ற கண்டல் மரத்தின் இலைப் பரப்பில் உப்புப் பளிங்கு தெரியும். அதன் மூச்சுவேர்கள் சேற்றில் குத்திநிற்கும், செருப்போடு போனால் காலைக் கிழிக்கும். கயிறு கட்டிய மூடிய சப்பாத்து வேண்டும். தில்லை மரத்தை முதல் நாளே அடையாளம் கண்டுவையுங்கள். அதன் வெள்ளைப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடித்த கையால் முகத்தைத் துடைக்கக் கூடாது. பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். களப்போரங்களில் முதலையும் உண்டு. அந்த இடத்தில் வலைவீசும் மீனவரிடம் கேட்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள். பொதுவாகவே மீனவரிடம் கேட்கும் பழக்கம் உள்ள மாணவருக்கு இனங்களும் காலங்களும் பாதிக்குமேல் வந்துவிடும்.

காலநிலை களவேலையின் எசமான். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ தொடங்கி ஜனவரிவரை இழுக்கும். வெள்ளத்தில் களப்பின் உவர்ப்பு சரிந்துவிடும். ஜூலை முதல் செப்டெம்பர்வரை ஏறும். இரண்டு பருவத்தையும் தொடாமல் எழுதப்பட்ட நீர்த்தர ஆய்வு எதையும் நிரூபிக்காது. மழைக்காலத்தில் அழுத்தும் தாவர மாதிரிகளும் பூஞ்சணம் பிடிக்கும். முதல் மூன்று நாட்களும் தினமும் பத்திரிகைத் தாள் மாற்றாவிட்டால் இலை கறுத்து உதிரும். பெயர்ச்சீட்டை அந்த இடத்திலேயே பென்சிலால் எழுதவேண்டும். இடம், திகதி, வளரிடம், உயரம், பூவின் நிறம், சேகரித்தவர். உலர்ந்தபின் பூவின் நிறம் பெரும்பாலான மாதிரிகளில் நிற்காது.

மொழி பற்றிச் சுருக்கமாக. பட்டம் ஆங்கில மொழிமூலம். உயர்தரம் தமிழில் படித்தவருக்கு முதல் ஆறு மாதம் கடினம். பாடத்தின் கருத்து ஏற்கெனவே தெரியும், சொல் மட்டும் புதிது. கொப்பியில் இழைமணி, பச்சையுருமணி, நிறமூர்த்தம் என்று இடப்பக்கத்திலும் ஆங்கிலச் சொல்லை வலப்பக்கத்திலும் எழுதிக்கொண்டு போனால் ஒரு செமஸ்டரில் தீர்ந்துவிடும். தீராதது எழுத்து. நான்கு வசனத்தில் ஒரு முடிவை எழுதும் பயிற்சி வேறு விடயம், அதற்குச் செய்முறை ரிப்போர்ட்டுகளே வழி. பரீட்சைக்கு முன்னர் மேல்வருட மாணவர் நடத்தும் குப்பி வகுப்புகள் சிறிய பீடத்தில் நன்றாக நடக்கும், அவை உண்மையாகவே உதவும். ஆனால் குப்பியில் வருவது கடந்தகால வினாக்கள். விரிவுரையாளர் மாறினால் அவை உதவா.

விரிவுரையாளர்கள்

சிறிய துறையின் நன்மையும் தீமையும் ஒரே காரணத்தால் வருபவை: ஆட்கள் குறைவு. உங்கள் பெயர் இரண்டாம் செமஸ்டருக்குள் அவர்களுக்குத் தெரியும். அறைக்குப் போய்க் கேட்கலாம். வெளிநாட்டு முதுமாணிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது உங்கள் வேலையைப் பார்த்தவராக எழுதுவார், அதற்குப் பெறுமதி அதிகம். மறுபக்கம், ஒருவர் கலாநிதிப் படிப்புக்கு விடுமுறையில் போனால் அவரோடு ஒரு பாடப்பிரிவே போய்விடும். வருகை விரிவுரையாளர் சனி ஞாயிறில் வந்து பதினைந்து மணி விரிவுரையை மூன்று கிழமையில் முடிப்பார். கையேட்டில் இருக்கும் தெரிவுப் பாடங்களில் உண்மையில் நடப்பவை எத்தனை என்று கேட்டால் பட்டியல் பாதியாகும். பூச்சியியல், ஒட்டுண்ணியியல் போன்றவை பெரும்பாலும் ஒரே ஒருவரில் தங்கியிருப்பவை.

காலதாமதத்தையும் கணக்கில் வையுங்கள். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது, நாடு முழுவதும் எல்லா அரச பல்கலைக்கழகங்களையும் பாதித்தது. ஆய்வுகூடம் திறக்கும் திறப்பு கல்விசாரா ஊழியரின் கையில். விரிவுரையை இணையத்தில் நடத்தலாம், செய்முறையை முடியாது. உயிரியல் மாணவருக்கு இப்படியான காலம் இரட்டை இழப்பு.

நான்காம் வருட ஆய்வு

சிறப்புப் பட்டத்துக்கு இடம் இரண்டாம் வருட முடிவில், குறித்த பாடத்தின் சராசரியையும் மொத்தச் சராசரியையும் பார்த்துக் கொடுப்பது வழக்கம். இடங்கள் மட்டுப்பட்டவை. ஆகவே முதல் நான்கு செமஸ்டரும்தான் உண்மையான போட்டி. மூன்றாம் வருடத்தில் விழித்துக்கொள்வது காலம் கடந்தது.

தலைப்பை இடத்துக்கேற்பத் தெரிவுசெய்யவேண்டும். சிறிய பல்கலைக்கழகத்தில் நன்றாக முடியும் ஆய்வுகள் மீன் உயிரியல், கண்டற் சூழலியல், பறவை, பூச்சி, ஊர்ப்புற மருந்துத் தாவரங்கள், நீர்த்தரம் ஆகியவை. கருவியைவிடக் காலும் கண்ணும் அதிகம் வேண்டியவை. மீனின் நீள எடைத் தொடர்பை எடுத்துக்கொள்ளுங்கள். எடை நீளத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் கூடும் என்பதைச் சரிபார்ப்பது. தேவையானது அளவுப் பலகையும் 0.1 கிராம் வரை நிறுக்கும் தராசும்தான். பிழைக்கும் இடம் மாதிரி. சந்தையில் வாங்கினால் வலைக்கண்ணின் அளவு எல்லா மீனையும் ஒரே பருமனாகத் தேர்ந்துவிட்டிருக்கும். நீளத்தின் வீச்சு ஒடுங்கி, அடுக்கின் பெறுமானம் பொய்யாக வரும். குஞ்சும் பெரியதும் சேர வெவ்வேறு வலைகளிலிருந்து எடுக்கவேண்டும். சிலவற்றில் வால் நுனிவரை, சிலவற்றில் வாலடிவரை என்று நீளத்தைக் கலந்தளந்தால் முழுத் தரவும் வீண். ஐஸில் கிடந்த மீனைத் துடைத்துவிட்டு நிறுக்கவேண்டும்.

பலரும் ஓடிப்போய் எடுக்கும் தலைப்பு, ஏதாவது ஒரு மூலிகைச் சாற்றின் பற்றீரியா எதிர்ப்பு. அகரில் வெட்டிய சிறு குழிகளில் (கிணறுகளில்) சாற்றை இட்டு, சுற்றிலும் பற்றீரியா வளராத வளையத்தை அளப்பார்கள். செலவு குறைவு, முடிவு விரைவு. ஆனால் சாற்றைக் கரைத்த கரைப்பானை மட்டும் இட்ட ஒரு கிணறு, தெரிந்த நுண்ணுயிர்க்கொல்லி இட்ட ஒரு கிணறு, 4 மில்லிமீற்றர் சீரான அகர்த் தடிப்பு, மக்பார்லன்ட் 0.5 கலங்கலுக்கு (பற்றீரியாவின் அடர்த்தியைக் காட்டும் நியமத்துக்கு) சமன்செய்த வளர்ப்பு, இவை நான்கும் இல்லாமல் அளந்த வளையத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒரே பிளேட்டில் மூன்று கிணறு வெட்டி மூன்று மீளச்செய்கை என்று எழுதுவதும் பிழை. அது ஒரே பிளேட். புள்ளிவிபரப் பகுப்பாய்வுக்கு ஆர் மென்பொருள் இலவசம், அதை மூன்றாம் வருடத்திலேயே பழகிவிடுங்கள். ஆய்வு வடிவமைப்பை மாதிரி எடுக்க முன்னர் புள்ளிவிபரவியல் விரிவுரையாளரிடம் காட்டவேண்டும். எடுத்தபின் காட்டினால் அவரால் அனுதாபம்தான் தர முடியும்.

அனுமதி இன்னொரு பொறி. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் இனங்களுக்கும் இடங்களுக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் அனுமதி எடுக்கவேண்டும். ஒதுக்கக் காடென்றால் வனத் திணைக்களம். முள்ளந்தண்டுளிகளில் செய்வதென்றால் பீடத்தின் அறநெறிக் குழுவும். விண்ணப்பம் மேற்பார்வையாளர் ஊடாகப் போய்த் திரும்ப மாதங்கள் எடுக்கும். ஆகவே மூன்றாம் வருட இறுதிப் பரீட்சைக்கு முன்னரே போடவேண்டிய வேலை இது.

பட்டத்துக்குப் பின்னர் ஆசிரியர் சேவை, தற்காலிகச் செய்துகாட்டுநர் பதவி, மீன் பதப்படுத்தல், பால், குடிநீர் நிறுவனங்களின் தரக் கட்டுப்பாடு, நாரா (தேசிய நீர்வாழ் வளங்கள் ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவரகம்) போன்ற ஆராய்ச்சி நிறுவனங்கள், சுற்றாடல் துறை ஆகியவை வழமையான வழிகள். பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் முதுமாணி எடுத்து, சிறிய பீடத்தில் கிடைக்காத கருவிப் பழக்கத்தை அங்கே பெற்றுக்கொள்ளலாம். தரக் கட்டுப்பாட்டு நேர்முகத்தில் கேட்பது பெரும்பாலும் ஐதாக்கல், சமூக எண்ணிக்கை, கிருமியழித்தல். மேலே சொன்ன அதே பிற்பகல்கள்.

விருப்ப வரிசையை எழுத முன்னர் அந்தப் பீடத்தில் இப்போது மூன்றாம் வருடம் படிக்கும் ஒருவரைத் தேடி இவற்றைக் கேளுங்கள். செய்முறையில் நுணுக்குக்காட்டிக்கு எத்தனை பேர்? கடந்த செமஸ்டரில் எத்தனை செய்முறை நடக்காமல் போயின, ஏன்? சிறப்புப் பட்டத்துக்கு உங்கள் பாடத்தில் எத்தனை பேரை எடுத்தார்கள்? எந்தத் தெரிவுப் பாடங்கள் உண்மையில் நடந்தன? ஜெல் யார் கையால் ஓடியது? களவேலைக்குப் பீடத்தின் வாகனமா, மாணவர் செலவா? பதிவுக்குப் பிறகு என்றால், முதல் நாள் வாங்கவேண்டியவை ஒரு நல்ல கூர்நுனிச் சிற்றிடுக்கி, வளைநுனி ஒன்று, கத்தரி, ஊசி இரண்டு, புதுச் சவர பிளேட் ஒரு பக்கெற், எச்பி பென்சிலும் கோடிடாத வரைகொப்பியும், பொத்தான் வைத்த பருத்தி வெள்ளைக் கோட். நைலோன் கோட் வேண்டாம், பன்சன் சுவாலைக்குப் பக்கத்தில் அது உருகித் தோலில் ஒட்டும்.